இடைவேளை வரைக்கும்

என் தையல் கடைக்கும் அக்காவின் படக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்புதான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் தடுப்புக்குக் காதைத் தவிர வேறெதுவும் கிடையாது. இந்தப் பக்கம் ஊசி ஒடிந்து நான் முணுமுணுத்தால், அந்தப் பக்கத்திலிருந்து "என்னடி, மறுபடியுமா?" என்று குரல் வரும். ஆகவே நான் இங்கே சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி பலகை வழியாக வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். காதைக் கழற்றி வைத்துவிட்டா துணி தைக்க முடியும்?

அக்கா சினிமா டிஸ்க்குகளை வாடகைக்கு விடுகிறவள். கடைக்கு மேலே பெரிதாகப் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "கதைக்காரி கடை" என்றால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். அட்டையைக் காட்டிப் படத்தைத் தள்ளிவிடுவது அவளுக்குப் பிடிக்காது. "அட்டையில என்ன இருக்கு? ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, ஒரு துப்பாக்கி. எல்லாப் படத்துக்கும் அதே அட்டைதான்" என்பாள். வந்த ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு கதையைச் சொல்லத் தொடங்குவாள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராமல் தெரிந்த வித்தை. வங்கி வாசலில் காவல் இருக்கிறவருக்குச் சொன்னால் கொள்ளைக்காரன் முன்னால் வருவான். அதே படத்தை ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சொன்னால் காதல் முன்னால் வந்து, கொள்ளைக்காரன் ஓரமாக நின்றுகொள்வான். ஆளுக்கு ஒரு குரல் போடுவாள். கதவு கிறீச்சிடுவதைக்கூட வாயாலேயே செய்வாள். சரியாக இடைவேளை வந்ததும் நிறுத்திவிட்டு டிஸ்க்கைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

"அப்புறம்?" என்று கேட்காதவர்கள் கிடையாது.

"அப்புறம் என்ன அப்புறம்? வாடகையைக் குடுத்துட்டு வீட்ல போய்ப் பாருங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவள் பிழைத்தாள்.

அக்கா புருஷன் எனக்கு மாமா. சரக்குப் படகில் என்ஜின்காரர். மூன்று மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில். அந்த ஒரு மாதமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையின் பின்பக்கம் பாயை விரித்து, அக்கா அவருக்கு ஒரு படம் சொல்வாள். இடைவேளையோடு நிறுத்தாமல், முழுக் கதையையும் வாடகை இல்லாமல் கேட்கிற பாக்கியம் உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆனால் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இடைவேளை வருவதற்குள் குறட்டை வந்துவிடும். தடுப்பே அதிரும்.

"எந்தப் படத்தோட முடிவாவது தெரியுமாடி இந்த மனுஷனுக்கு?" என்று என்னிடம் வந்து புலம்புவாள். புலம்பும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு பெருமை. "என் குரல் அவருக்குத் தாலாட்டுடி" என்றும் அவளேதான் சொல்லிக்கொள்வாள்.

படகில் ஒரு சமையல்காரர் இருந்தார். உப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், காரணம் வாயில் வைத்தால் தெரியும். ஒருமுறை மாமாவோடு வீட்டுக்கு வந்தவர், அக்காவை அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டுத் தானே சமைத்தாராம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க, தங்கச்சி. நான் போடற உப்புக்கு ஏழு பிறவிக்கு நினைக்கணும்" என்றாராம். அன்றைக்குக் குடித்த தண்ணீருக்கு அளவில்லை என்று அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் புயலில் அந்தப் படகு உடைந்தது. மேலே நின்ற ஏழு பேரும் பெரிய மிதவையில் ஏறி மறுநாளே மீட்கப்பட்டார்கள். என்ஜின் அறையிலிருந்து மாமாவும் சமையலறையிலிருந்து உப்பண்ணனும் கடைசியாக மேலே வந்தபோது மிச்சமிருந்தது ஒரு சின்ன ரப்பர் மிதவை. அதில் இரண்டு பேரும் மிதந்தார்கள். இருபத்திரண்டாவது நாள் உப்பண்ணன் போய்விட்டார். இருபத்தாறாவது நாள் ஒரு கப்பல் மாமாவைக் கண்டுபிடித்தது.

தெருவே வந்து பார்த்தது. கரையேறிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, அக்காவின் கடைக்குப் பின்பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்து டிஸ்க் பிளேயர் பழுது பார்க்க ஆரம்பித்தார். நல்ல கை. ஆனால் ஆள் கல்லுளிமங்கனாகிவிட்டார். "சாப்பிட்டாச்சு", "ஸ்க்ரூ ஒண்ணு காணோம்", "மழை வரும்போல", இவ்வளவுதான் ஒரு நாளைய பேச்சு. தூக்கம் இரண்டு மணி நேரம் வந்தால் அதிகம். மத்தியானம் கண்ணை மூடுவதே இல்லை. மிதவையில் என்ன நடந்தது என்று அக்கா கேட்டால், "அதான் வந்துட்டேனே" என்பார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவள் யாருக்காவது கதை சொல்ல வாயைத் திறந்தால் போதும், மாமா ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். தெருமுனையில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் கிளம்பிய பிறகுதான் திரும்பி வருவார். முதலில் தற்செயல் என்று நினைத்தாள். பிறகு வேண்டுமென்றே ஒருநாள் காலிக் கடையில், "ஒரு ஊர்ல ஒரு டாக்டர் இருந்தாராம்" என்று சும்மா சொல்லிப் பார்த்தாள். எழுந்துவிட்டார். வீட்டில் ஒருநாள் பழையபடி ஒரு படத்தைத் தொடங்கியபோது, கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவப் போனார்.

"என் குரலே அவருக்கு ஆகலடி" என்று அன்றைக்கு என் கடைக்கு வந்து அழுதாள். அளவெடுக்க நின்றிருந்த பெண்ணை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தேன், துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். டிஸ்க் கொண்டுவந்து போடுகிறவரிடம், "கடல்ல மாட்டிக்கிட்டு மிதக்கறவங்க படம் எது வந்தாலும் எனக்கு எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்தாள். எந்த மொழி என்றாலும் வாங்கினாள். தனியாக ஒரு தட்டு ஒதுக்கி, "தண்ணி" என்று எழுதி ஒட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தட்டுல உள்ளதை இங்கயே சாப்பிடலாமா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமா?" என்று கேட்காத குடிகாரன் எங்கள் தெருவில் இல்லை.

மாமா உதிரிபாகம் வாங்கக் கிளம்பியதும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். நானும் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி பக்கத்தில் உட்காருவேன். நாலைந்து படம் பார்த்ததுமே எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. தாடி வளரும், நகம் வளராது. பசியில் சாகக் கிடக்கிறவனுக்குப் பல் மட்டும் பளபளவென்று இருக்கும். செத்தே போவான் என்கிற நேரத்தில் மழை வரும். "இந்தச் சுறாவுக்கு இடைவேளை எப்பன்னு யார்க்கா சொன்னது? கரெக்டா வந்துடுதே" என்று நான் கேட்டதற்குக்கூட அக்கா சிரிக்கவில்லை.

அவள் பார்த்தது சுறாவையும் இல்லை, தாகத்தையும் இல்லை. மிதவையில் இரண்டு பேர் இருக்கிற படமாக இருந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்விடுவாள். பாஷை புரியாவிட்டாலும் வாயையே பார்ப்பாள். சண்டை போடுவார்கள், பழைய பாவத்தைச் சொல்லி அழுவார்கள், சட்டைப் பையிலிருந்து மனைவியின் போட்டோவை எடுப்பார்கள்.

"இவர்கிட்ட என் போட்டோ இல்லடி. பர்ஸ் படகோட போயிடுச்சு" என்றாள் ஒருநாள். பிறகு, "இருபத்திரண்டு நாள். ரெண்டு ஆம்பளைங்க என்னதான் பேசியிருப்பாங்க? ஒரு தடவையாவது என் பேச்சு வந்திருக்குமா?"

ஆறு வருடமாக அவள் தேடியது இந்த ஒன்றைத்தான். தன்னை அவர் அங்கே நினைத்தாரா, இல்லையா. பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருக்கிற மனுஷனுக்காக ஒருத்தி இப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அவர்மேல்.

படங்கள்மேல் அவளுக்கும் ஒரு கோபம் இருந்தது. கப்பல் தெரியும், கயிறு விழும், போர்வை போர்த்துவார்கள், கரையில் மனைவி ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள், உடனே பாட்டு, பெயர் ஓட ஆரம்பித்துவிடும்.

"கட்டிப்பிடிச்சதும் முடிச்சுடறான் பாரு. மறுநாள் காலைல எழுந்தாங்களா, பல் விளக்கினாங்களா, ஒருத்தரோட ஒருத்தர் பேசினாங்களா, ஒண்ணும் காட்ட மாட்டேங்கறான். எனக்கு வேண்டியது அந்த மறுநாள்தான்" என்பாள். கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். ஒருவேளை அதற்கப்புறம் ஏதாவது காட்டினால்?

அன்றைக்குக் கொட்டுகிற மழை. மாமா பிளேயருக்கு பெல்ட் வாங்கப் போயிருந்தார். மத்தியானம், கடைக்கு ஆளில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

"ஒரு கதை சொல்லுக்கா. தண்ணிப் படம் வேண்டாம், வெளியில அதுதான் ஓடுது. சிரிக்கிற மாதிரி சொல்லு."

அவள் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு, பழைய படம் ஒன்றைச் சொன்னாள். ஒரு திருடன் ஒரு வீட்டுக்குள் பின்கதவு வழியாக நுழைகிறான். உள்ளே கண் தெரியாத ஒரு பெரியவர். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாடா!" என்று அழுகிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன மகன் என்று நினைத்துவிட்டார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கை கழுவிட்டு வரச் சொல்லுங்க, சாப்பாடு ஆறுது" என்கிறாள். சாப்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று உட்கார்ந்தவன், ஓடவில்லை. மறுநாள் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்கிறான். அடுத்த வாரம் பெரியவரை நடக்கக் கூட்டிப் போகிறான். திருட்டுச் சாவிகளையெல்லாம் சாக்கடையில் போடுகிறான். ஒருநாள் வாசல் மணி அடிக்கிறது. போய்த் திறக்கிறான். பெட்டியோடு ஒருத்தன் நிற்கிறான். "யார் நீங்க?" என்று இவன் கேட்கிறான். "இது என் வீடு. நீ யார்?" என்கிறான் அவன்.

அக்கா நிறுத்திவிட்டு டிஸ்க்கைத் துடைக்க ஆரம்பித்தாள். பழக்க தோஷம்.

"அப்புறம்?"

கேட்டது நான் இல்லை. குரல் ஷட்டர் பக்கத்திலிருந்து வந்தது. அக்கா அந்தப் பக்கம் முதுகு காட்டி நின்றிருந்தாள். "அப்புறம் என்ன அப்புறம்? வாடகையைக் குடுத்துட்டு வீட்ல போய்ப் பாருங்க" என்றாள், திரும்பாமலேயே.

நான் பார்த்துவிட்டேன். தொப்பலாக நனைந்து, பெல்ட் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"என்கிட்ட வாடகை இல்ல" என்றார். "நீயே சொல்லு. உப்பண்ணன் கேட்டாரு."

டிஸ்க் அக்காவின் கையிலிருந்து விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது.

அவர் நின்றபடியே பேசினார். ஆறு வருடப் பேச்சும் ஒன்றாக வந்ததால் கொஞ்சம் தடுக்கியது. "மூணாவது நாள் அவர்தான் ஆரம்பிச்சாரு. உன் பொண்டாட்டி கதைக்காரியாச்சே, ஒரு படம் சொல்லுடா, தண்ணி இல்லாத படமா பார்த்துச் சொல்லுன்னாரு. சொன்னேன். நீ எனக்குச் சொன்னதெல்லாம் சொன்னேன். காலையில ஒரு காட்சி, சாயந்தரம் ஒரு காட்சி. நீ கதவுக்கு ஒரு சத்தம் போடுவியே, அதுகூடப் போட்டேன். வாய் காஞ்சு போனதும் சத்தம் வரல, கையாலயே கதவைத் திறந்து காட்டினேன். ஆனா எனக்கு எல்லாப் படமும் இடைவேளை வரைக்கும்தானே தெரியும்?"

"குறட்டை விட்டா எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

"மீதியை அவரே கட்டுவாரு. எல்லாப் படத்துக்கும் கடைசில ஒரு கல்யாணம், ஒரு விருந்து, அவர்தான் சமையல். இந்தக் கடலை யாருடா சமைச்சது, சத்தியமா நான் இல்லன்னு சொல்லிச் சிரிப்பாரு. இந்தத் திருடன் படத்துக்கு மட்டும் அவரால முடியல. வாசல்ல ஒருத்தன், உள்ள ஒருத்தன். ரெண்டு பேர்ல யாரை வெளியே அனுப்பறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சாரு. நானா ஏதோ ஒரு முடிவு சொன்னேன். இட்டுக்கட்டாதேடா, ஊருக்குப் போய்த் தங்கச்சியக் கேட்டுட்டு வந்து சொல்லுன்னாரு. சரிண்ணே, கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன்."

பெல்ட் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"மறுநாள் போயிட்டாரு. உன்னைக் கேட்டுட்டு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ எப்ப ஒரு கதை ஆரம்பிச்சாலும் அந்தப் படமா இருந்துடுமோன்னு பயம். முடிவு காதுல விழுந்துட்டா, அவரை விட்டுட்டு நான் மட்டும் கேட்ட மாதிரி ஆயிடும். இன்னைக்கு அதே படத்தையே சொல்லிட்டிருந்தே, அவருக்காகக் கேட்டுடலாம்னு நின்னுட்டேன்."

"அதுக்கா எழுந்து எழுந்து போனீங்க? நான் என் குரல் உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு…"

மாமா அவளை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். "உன் குரலா? அங்க வேற என்ன இருந்துச்சு எங்களுக்கு?"

சாப்பாட்டுப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு நான் என் கடைக்கு வந்துவிட்டேன். எனக்கும் இங்கிதம் உண்டு. ஆனால் தடுப்புக்கு இல்லையே.

துண்டு உதறுகிற சத்தம் கேட்டது. பாய் விரிகிற சத்தம் கேட்டது, ஆறு வருடத்துக்கு அப்புறம்.

"படுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன். அண்ணனுக்கு முதல்ல இருந்து வேணுமா?"

"வேண்டாம். முதல் பாதி அவருக்கு மனப்பாடம்."

அக்கா தொடங்கினாள். வாசலில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளிருந்து பெரியவர், "யாருடா அது?" என்று கேட்கிறார். கதவு கிறீச்சென்று திறந்தது. பெட்டிக்காரன் உள்ளே வந்தான். இவன் கூடத்தில் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றான். அவ்வளவுதான் சொல்லியிருப்பாள். குறட்டைச் சத்தம் வந்தது.

நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அதற்குள் அவள் குரல் மறுபடியும் வந்தது, முன்னைவிட உரக்க, கடை வாசலில் தள்ளி நிற்கிறவர்களுக்குச் சொல்கிற குரலில்.

"அண்ணே, இவர் தூங்கிட்டாரு. இவர் எப்பவும் இப்படித்தான். நீங்க கேளுங்க. பெட்டிக்காரன் உள்ள வந்து பார்க்கறான். கிழவர் திருடன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அம்மாக்காரி கரண்டியோட வெளிய வர்றா. இவன் பயந்துபோய், அம்மா, நான் உங்க பிள்ளை இல்ல, நான் திருடன்னு சொல்றான். அவ என்ன சொன்னா தெரியுமா? பெத்தவளுக்குத் தெரியாதா, நீ வந்த அன்னைக்கே தெரியும். போனவன் வேற, வந்தவன் வேற. தெரியாமலா இத்தனை நாள் சாப்பாடு போட்டேன்னா. அப்புறம் பெட்டிக்காரனைப் பார்த்து, நீயும் கை கழுவிட்டு வாடா, ஆறுதுன்னா." அந்த இடத்தில் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு முடித்தாள். "அவ்வளவுதாண்ணே. யாரையும் வெளிய அனுப்பல. எல்லாருக்கும் தட்டு வச்சாச்சு."

அவர் எழுந்திருக்கச் சாயந்தரம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் நான் மெஷினை மிதிக்கவில்லை. அன்றைக்குத் தர வேண்டிய இரண்டு சட்டைக்கு நன்றாகத் திட்டு வாங்கினேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்தைக் கேட்டேன். "அது கீறிப்போச்சுடி, ஓடாது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் விடுகிற ஆளா? இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் எடுத்துப் பார்த்தேன். கடைசியில் அப்படி எதுவும் இல்லை. உண்மையான மகன் உள்ளே வந்ததும், திருடன் சத்தமில்லாமல் பின்கதவு வழியாகப் போய்விடுகிறான். மழையில் நடக்கிறான், பெயர் ஓடுகிறது. தாய்க்காரி வாயே திறக்கவில்லை. இட்டுக்கட்டாதே என்றுதான் உப்பண்ணன் சொன்னார். ஆனால் அக்கா எந்தக் காலத்தில் ஆளைப் பார்க்காமல் கதை சொன்னாள்? நான் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணி" தட்டு இன்னும் இருக்கிறது. அக்கா இப்போது அதைத் தொடுவதில்லை, தூசி தட்டுவதோடு சரி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஷட்டர் பாதி இறங்கும். ஒரு படம் தொடங்கும். இடைவேளைக்கு முன்னாலேயே குறட்டை வந்துவிடும். அப்போது அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "உப்பண்ணே, இப்ப நீங்க கேளுங்க" என்று மீதிப் பாதியைத் தொடங்குவாள்.